பத்து நிமிடக் கல்யாணமும் என் அக்காவும்

1

எங்களுக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் முடிந்தது. நெதர்லாந்தின் தெற்கே ஒரு சின்ன ஊரின் நகராட்சி அலுவலகத்தில், ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு அது நடந்தது. பிறப்பு, இறப்பு, வீடு மாறியது எல்லாவற்றையும் பதிகிற அதே கட்டடம்தான். திங்கட்கிழமை காலையில் கல்யாணத்துக்குக் கட்டணம் கிடையாது. பத்து நிமிடம் தருவார்கள். சாட்சிக்கு இரண்டு பேர் வந்தால் போதும். பதினோரு மணிக்கு நான் என் அலுவலக மேஜையில் இருந்தேன்.

இதை ஊரில் சொன்னால் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம், "நல்ல காரியம் பண்ணுனீங்க, எங்க பையனுக்கும் கொஞ்சம் சொல்லுங்க" என்கிறார்கள். அப்புறம் அந்தப் பையனுக்கு மூன்று பந்தி ஓடுகிற மண்டபமாகப் பார்த்துப் பிடிக்கிறார்கள். எனக்கு யார் மேலும் குறையில்லை. அவரவர் கல்யாணம், அவரவர் கால்வலி.

இந்த வருஷம் கல்யாண நாளை ஒட்டி என் அக்கா இங்கே வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

கோமதி அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவர். அப்பா, அம்மா இருவரும் நான் இங்கே வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவர் என்று எனக்கு இருப்பது இவர் ஒருவர்தான். அவிநாசியிலிருந்து நாலைந்து மைல் உள்ளே, விசைத்தறி வைத்திருக்கும் மச்சானோடு இருக்கிறார். ஒரே மகன் கவின், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான்.

கவினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அது எனக்குத் தெரிந்தது சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு படத்தைப் பார்த்து. இப்போது விஷயம் என்னவென்றால், நான் தாய்மாமன். எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாய்மாமன் விருந்தாளிக் கணக்கில் வரமாட்டான். மாமன் சீர்த்தட்டு வந்து இறங்க வேண்டும், மாமன் வந்து நிற்க வேண்டும், அப்புறம்தான் மற்றதெல்லாம். அந்த இடத்துக்கு அக்கா என்னைக் கூப்பிடுவாரா, அல்லது ஊரிலேயே இருக்கும் எங்கள் பெரியப்பா மகன் செந்தில் அண்ணனை நிற்க வைத்துவிடுவாரா என்பது எனக்குத் தெரியவில்லை. செந்திலண்ணன்தான் செய்யப்போகிறார் என்று ஊருக்குள் பேச்சு இருப்பதாக ஒரு நண்பன் சொன்னான். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் கவலையில்லை என்று நித்யாவிடம் சொன்னேன். நித்யா என் மனைவி, ஈரோட்டுக்காரி.

"ஏனுங்க, இதோட நாலாவது தடவை சொல்லிட்டீங்க" என்றாள்.

அக்காவின் விசாவுக்கு அழைப்புப் படிவம் ஒன்று உண்டு. இவர் என் விருந்தாளி, இவரைத் தங்கவைத்துச் சோறு போட்டுத் திருப்பி அனுப்புவது என் பொறுப்பு என்று எழுதி, நகராட்சி அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்க வேண்டும். அந்த முத்திரை விழும்போதுதான் எனக்கு உறைத்தது. என் வாழ்நாளில் அக்காவை நான் முறையாக அழைப்பது இதுதான் முதல் தடவை. அதையும் அரசாங்கம் கேட்டதால்தான் செய்கிறேன்.

2

பெரிய கல்யாணம் வேண்டாம் என்று முதலில் சொன்னது நித்யா. அப்போது அவள் இங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய அக்கா கல்யாணம் ஈரோட்டில் இரண்டு நாள் நடந்தது. வரவேற்பன்று மாலை ஆறு மணிக்கு மேடையேறிய பெண், கடைசி ஆள் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கும்வரை நின்றுகொண்டே இருந்தாள். கழுத்து நிறைய நகை, பட்டுச்சேலை, முகத்துக்கு நேரே விளக்கு. தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த நித்யாவிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, "இன்னும் வரிசை எவ்வளவு நீளம் இருக்குது?" அவளுடைய அப்பா வாசலில் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை இறக்காமல் நின்றார். பந்தி முடிந்து குடும்பம் சாப்பிட உட்கார்ந்தபோது ரசம் மட்டும்தான் இருந்தது. "அந்தக் கல்யாணத்துல எங்க அக்காளைத் தவிர எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க" என்று நித்யா சொல்வாள்.

எனக்கும் அது சரியாகப்பட்டது. இன்றும் சரியாகத்தான் படுகிறது. இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருவதைப் படித்துவிட்டு நான் மண்டபத்துக்காக ஏங்குகிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

நித்யா அவளுடைய அப்பாவிடம் சொன்னாள். அவர் ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். உள்ளுக்குள் அவருக்கு நிம்மதி என்று பின்னால் தெரிந்தது.

நான் அக்காவிடம் சொல்லவில்லை.

சொல்லக்கூடாது என்று இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா மறுநாளே ஜோசியரைப் பார்த்து, மண்டபம் விசாரித்து, சமையல்காரருக்கு வெற்றிலை பாக்குக் கொடுத்துவிடுவார். அப்புறம் அதை நிறுத்த முடியாது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம், ஆனது ஆகிவிட்டது என்றால் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு சமாதானமாகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். கெட்டிக்காரன் என்று நினைப்பு.

ஆனால் காகிதங்களுக்கு அக்கா வேண்டியிருந்தது. இங்கே கல்யாணம் பண்ணிக்கொள்ளப் பிறப்புச் சான்று வேண்டும். என் பிறப்புச் சான்றில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது, 'ஆண்' என்று மட்டும் போட்டிருந்தது. அந்தக் காலத்தில் பெயர் வைக்கும் முன்பே பதிந்துவிடுவார்கள், அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெயரைச் சேர்க்க வேண்டும். அடுத்து, எனக்கு இதுவரை கல்யாணமாகவில்லை என்று தாசில்தார் கையெழுத்தோடு திருமணமாகாதவர் சான்று வேண்டும். எல்லாவற்றையும் மொழிபெயர்த்து, அரசு முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். "எதுக்கு கண்ணு இத்தனையும்?" என்று அக்கா கேட்டார். "விசாவுக்குங்க்கா, ஆபீஸ்ல கேக்கறாங்க" என்றேன்.

அக்கா மூன்று மாதம் அலைந்தார். தாலுகா ஆபீசில் இன்று போய் நாளை வா. கிராம நிர்வாக அலுவலர் வயல் அளக்கப் போயிருந்தார், அப்புறம் தேர்தல் வேலைக்குப் போயிருந்தார். முத்திரைக்காகக் கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜுக்கு மாடியில் இருந்த ஏஜெண்டிடம் நாலு தடவை டவுன் பஸ்ஸில் போய் வந்தார். கடைசியில் எல்லாம் ஒரு கனத்த உறையில் வந்து சேர்ந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவியிருந்தது. விசாக் காகிதத்துக்கு எதற்கு மஞ்சள் என்று நான் யோசிக்கவில்லை. அக்கா எல்லாவற்றுக்கும் மஞ்சள் தடவுகிறவர்.

3

கல்யாண நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மழை தூறியது. நித்யா ஒரு கைத்தறிச் சேலை கட்டி அதன்மேல் குளிர்கோட்டு போட்டிருந்தாள். நான் அலுவலகச் சட்டை. சாட்சிக்கு என் அலுவலகத்தில் பக்கத்து மேஜைக்காரர் ஹெங்க், நித்யாவின் ஆய்வகத் தோழி ஒருத்தி. ஹெங்க் இரண்டு தடவை என் முழுப்பெயரைச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிட்டார்.

என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தான் இருக்கிறது. நமக்கெல்லாம் அப்படித்தான். அதனால் அந்தப் பத்து நிமிடமும் பதிவாளர் அம்மாள், "திரு. பழனிசாமி, நீங்கள் இந்தப் பெண்ணை மணக்கச் சம்மதிக்கிறீர்களா?" என்று என் அப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் "ஆமாங்க" என்றேன். அவர் பேனாவை எடுக்கவில்லை. அவருடைய மொழியில் சொல்ல வேண்டுமாம், சட்டம். திருப்பிச் சொன்னேன். கையெழுத்து, கைகுலுக்கல், அவ்வளவுதான். வெளியே வந்து நாலு பேரும் வண்டிக்கடையில் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கி நின்றபடி சாப்பிட்டோம். நித்யா சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். தன் கல்யாணத்தில் வயிறு நிறையச் சாப்பிட்ட பெண் எங்கள் சொந்தத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

மதிய இடைவேளையில் அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே சாயங்காலம். தறிச் சத்தம் கேட்டது. "கல்யாணம் ஆயிடுச்சுங்க்கா" என்றேன், யாருடைய கல்யாணமோ மாதிரி.

"நல்லா இருங்க" என்றார் அக்கா. "ரெண்டு பேரும் சாப்டீங்களா?"

சாப்பிட்டோம் என்றேன். சரி என்று வைத்துவிட்டார்.

4

கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் கோபம் என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அக்கா வீட்டுக்குப் போவோம். எங்களுக்குப் பிறந்த தாரணியை மடியில் வைத்துக் கொஞ்சுவார். இலை போட்டு, நின்று பரிமாறுவார். ஆனால் அதுவரை என்னை ஒருமையில் அதட்டிக்கொண்டிருந்தவர், "வாங்க தம்பி, உக்காருங்க, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க" என்று ஆகிவிட்டார். எங்கள் ஊர் மரியாதைக்குப் பேர் போனது. அந்த மரியாதையைக் கொண்டு ஒரு ஆளை வாசலோடு நிறுத்திவைக்கவும் முடியும். இங்கே வாருங்கள் என்று கூப்பிட்டால், தறியை விட்டுட்டு எங்கீங்க வாரது என்பார்.

அப்படிப்பட்டவர் இந்த வருஷம் தானாகவே வருகிறேன் என்றார். இரண்டு வாரம். மச்சான் வரவில்லை.

வந்து இரண்டாம் நாளே சமையலறை அவர் கைக்குப் போய்விட்டது. தாரணிக்குப் பத்து வயது. காலையில் ரொட்டியில் சாக்லேட் தூளைத் தூவித் தின்றுவிட்டுச் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. "இதுக்குப் பேரு பலகாரமா?" என்று கேட்டு, அக்கா அரிசிம்பருப்புச் சோறு ஆக்கிப் போட்டார். தாரணி மூன்று தட்டு தின்றாள். அவள் பேசுகிற தமிழில் சொற்களெல்லாம் தமிழ்தான், அடுக்கு மட்டும் இந்த ஊருடையது. "அத்தை, எங்க நீங்க கத்துக்கிட்டீங்க சமைக்க இதை?" என்பாள். அக்கா ஒருமுறை மனசுக்குள் மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். இருவரும் ரொம்ப ஒட்டிக்கொண்டார்கள்.

கவின் கல்யாணப் பேச்சை நானாக எடுக்கவில்லை. நாலாம் நாள் சாப்பிடும்போது அக்காவே எடுத்தார். பையன் மண்டபம் வேண்டாம் என்றுவிட்டானாம். குலதெய்வம் கோயிலில் தாலி, வீட்டு வாசலில் ஒரு பந்தல், மொத்தம் ஐம்பது பேர். "மாமன் பண்ணுனாப்பல சிம்பிளாப் பண்ணிக்கறேன்னு சொல்லிப்போட்டானுங்க" என்று என் தட்டில் நெய் விட்டபடியே சொன்னார். குத்திச் சொன்ன மாதிரியும் இல்லை. நான் தலையைக் குனிந்து பிசைந்தேன். பெண் வீடு, சமையல், தேதி எல்லாவற்றையும் சொன்னார். நீங்கள் வர வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை.

"எல்லாம் சரிங்க, இணைச்சீருக்குத்தான் ஆளில்லை. அவங்கூடப் பொறந்தவ இல்லையே" என்றார்.

எனக்குள் ஒரு அவசரம். ஏதாவது ஒரு மூலையில் இந்தக் கல்யாணத்துக்குள் எங்கள் வீட்டை நுழைத்துவிட வேண்டும் என்ற பதைப்பு. யோசிக்காமல் சொல்லிவிட்டேன். "அதுக்கென்னங்க்கா, நம்ம தாரணி பண்ணட்டுமுங்க."

மேஜைக்கு அடியில் நித்யா என் காலை மிதித்தாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க தம்பி, மொறப்பொண்ணக் கொண்டாந்து தங்கச்சியாக்கறீங்களா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். பன்னிரண்டு வருஷத்தில் என் எதிரில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. மாமன் மகள் அத்தை மகனுக்கு முறைப்பெண். வயசு வித்தியாசத்தில் அதற்கெல்லாம் பேச்சே இல்லை, இந்தக் காலத்தில் யாரும் அப்படிக் கட்டுவதும் குறைந்துவிட்டது. ஆனாலும் முறை முறைதான். எங்கள் பக்கம் மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்கு மறந்துவிட்டது. தாரணியின் தமிழைப் பற்றி ஊரெல்லாம் குறைப்படுகிறவன் நான்.

தாரணி என்ன என்ன என்று பிய்த்தெடுத்தாள். அக்கா அவளுக்கு இணைச்சீரைச் சொன்னார். மாப்பிள்ளை மணவறைக்குப் போகும் முன்னால், கூடப் பிறந்தவள் பேழைமூடி என்கிற மூங்கில் கூடையைச் சுமந்துகொண்டு வந்து அவன் பக்கத்தில் இருப்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், இன்னொரு முனை அவளிடம். இனி இந்த வீட்டுக்கு வேறொரு பெண் வந்தாலும் நீ அந்நியமாகிவிட மாட்டாய் என்று அவன் ஊர் முன்னால் அவளுக்குக் கொடுக்கிற வாக்கு அது.

"அப்போ அப்பாவுக்கு நீங்க பண்ணினீங்களா?" என்று தாரணி கேட்டாள்.

நித்யா எழுந்து தண்ணீர் எடுக்கப் போனாள்.

"அப்பாவுக்கு இங்க நடந்துச்சு கண்ணு. இங்கெல்லாம் அது கெடையாது" என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்து, "அந்த எடத்த ஒருக்காப் பாக்கோணுமுங்க தம்பி" என்றார்.

5

தாரணியின் அடையாள அட்டையை வாங்கப் புதன்கிழமை மத்தியானம் நகராட்சிக்குப் போக வேண்டியிருந்தது. புதன்கிழமை பள்ளிக்கூடம் அரை நாள். அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். கவுண்டரில் பெண் என்னை மிஸ்டர் பழனிசாமி என்று கூப்பிட்டதும் அக்கா திரும்பிப் பார்த்தார். அப்பா பெயரைச் சொல்லி ஒரு வெள்ளைக்காரி கூப்பிடுவது அவருக்கு என்னவோ செய்திருக்க வேண்டும். நான் பேசியதில் இரண்டு இடத்தில் தாரணி திருத்தினாள். அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு அவளிடமே பேச ஆரம்பித்தாள். இது எனக்குப் பழகிவிட்டது.

கல்யாண அறை அதே தளத்தில் கடைசியில் இருக்கிறது. கதவு திறந்திருந்தது, யாரும் இல்லை. பார்க்கலாமா என்று கேட்டேன், தாராளமாக என்றார்கள். தாரணி கூடத்தில் மீன்தொட்டி பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

சாதாரண அறைதான். ஒரு மேஜை, அதற்குப் பின்னால் பதிவாளர் நாற்காலி, முன்னால் இரண்டு நாற்காலி, பக்கவாட்டில் ஒரே வரிசையாக நாலு நாற்காலி. அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வேண்டாமுங்க்கா என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல் விட்டேன். முன்னாலிருந்த நாற்காலியில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். இங்கேதானா என்று கேட்டார். இங்கேதான் என்றேன்.

"அது ஆருக்குங்க?" பக்கவாட்டு நாற்காலிகளைக் காட்டினார்.

"சாட்சிக்காரங்களுக்குங்க்கா. நாலு பேர் வரைக்கும் போட்டுக்கலாம்."

"அன்னைக்கு எத்தன பேரு?"

"ரெண்டு பேருங்க."

"அப்ப ரெண்டு சேரு சும்மாதான் கெடந்திருக்குதுங்க."

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். டிக்கெட், விசா, தறி, தூரம் என்று பன்னிரண்டு வருஷமாக நான் எனக்குச் சொல்லி வைத்திருந்த காரணங்கள் ஒன்றும் அந்த இரண்டு நாற்காலிக்கு முன்னால் செல்லுபடியாகவில்லை. வருவாரா மாட்டாரா என்பது அப்புறம். வாங்க என்று நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஒரு நாற்காலி போதும்.

அக்கா அந்த நாலில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். கைப்பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கல்யாணமாகாத சர்டிபிகேட்டுக்கு மணியகாரரப் பாக்கப் போனனுங்க" என்றார். கிராம நிர்வாக அலுவலரை எங்கள் பக்கம் இன்னும் மணியகாரர் என்றுதான் சொல்வார்கள். "தம்பிக்குக் கல்யாணமுங்களா அம்மணின்னு கேட்டாரு. ஆமாங்கன்னு சொல்லிப்போட்டேன். பத்திரிகை வெக்கறமுங்க, நீங்க குடும்பத்தோட வரோணும்னும் சொல்லிப்போட்டேன்."

எனக்கு விளங்கச் சில நொடிகள் பிடித்தன. "உங்களுக்கு அப்பவே தெரியுமாங்க்கா?"

"கல்யாணம் ஆகலைன்னு எழுதி வாங்கறது எதுக்குங்க? கல்யாணம் பண்ணத்தானுங்க. அதுகோடத் தெரியாதா? நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

மூன்று மாதம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு ஆபீஸ் வாசலிலும், ஒவ்வொரு பஸ்ஸிலும், தம்பி கல்யாணக் காகிதம் என்று தெரிந்தேதான் போய் வந்திருக்கிறார். நான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், விசாவுக்குங்க்கா, ஆபீஸ்ல அவசரப்படுத்தறாங்க என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, அவர் சரி கண்ணு, சரி கண்ணு என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எத்தனை பேரைக் கூப்பிடாமல் விட்டேன் என்பதில் எனக்கு என்றைக்கும் வெட்கம் இருந்ததில்லை. அந்த அறையில் நின்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"தப்புங்க்கா" என்றேன். பன்னிரண்டு வருஷத்துக்கு அது ரொம்பச் சின்ன வார்த்தை என்று எனக்கே தெரிந்தது.

"கூட்டம் வேண்டாம்னு வெச்சதுல ஒரு தப்பும் இல்லீங்க. என்ற கல்யாணத்துல நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு, ஒரு வாரம் தைலந்தான்" என்றார். மற்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, வாசலில் விட்ட செருப்பைப் போட்டுக்கொண்டார். கூடத்தில் தாரணி இன்னும் மீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பினோம். அக்கா, தெருவில் வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்களைப் பற்றித் தாரணியிடம் கேட்டுக்கொண்டே வந்தார். அன்று இரண்டு தடவை எனக்குத் தோன்றியது, கவின் கல்யாணத்தைப் பற்றி நேராகக் கேட்டுவிடலாம் என்று. எந்த முகத்தோடு கேட்பது? கூப்பிடாதவனுக்குக் கூப்பிடு என்று கேட்க உரிமை ஏது? செந்திலண்ணன் நல்லபடியாகச் செய்வார். அவர் ஊரில் இருக்கிறார், எல்லோர் வீட்டு நல்லது கெட்டதுக்கும் போகிறார். நியாயமாகப் பார்த்தால் அவர்தான் செய்ய வேண்டும் என்று எனக்கே நான் எடுத்துச் சொன்னேன். சொல்லி முடித்தபோது துக்கமாக இருந்தது.

6

அக்கா கிளம்புவதற்கு முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே குளித்து, புதுச்சேலை கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார். எங்களையும் குளித்துவிட்டு வரச் சொன்னார். கோயிலுக்குப் போகக் கேட்கிறார் போல, இங்கே கோயில் ஒன்றரை மணி நேரப் பயணம் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டே குளித்தேன்.

வந்து பார்த்தால் நித்யாவிடம் தாம்பாளம் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் தாம்பாளம் இல்லை. விருந்தாளிகளுக்குப் பாலாடைக்கட்டி வெட்டி வைக்கிற மரத்தட்டுதான் இருந்தது. அதைக் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். அக்கா தன் பெட்டியைத் திறந்து, ஈரத்துணியும் அதன்மேல் வாழையிலையும் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்தார். உள்ளே வெற்றிலை. ஓரங்கள் கறுத்துப் போயிருந்தன. கறுக்காததாக ஐந்து பொறுக்கி எடுத்து, துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தார். பாக்கு, மஞ்சள், ஒரு எலுமிச்சம்பழம். எலுமிச்சை மட்டும் இங்கே கடையில் வாங்கியது. எல்லாவற்றுக்கும் மேல், நாலு மூலையிலும் மஞ்சள் தொட்ட ஒரு பத்திரிகை.

"கெழக்கு எதுங்க?" என்று கேட்டார். தாரணி போனில் பார்த்துச் சொன்னாள். அந்தப் பக்கம் பார்த்து எங்கள் மூன்று பேரையும் நிற்க வைத்தார். நித்யா நெற்றியில் குங்குமம் வைத்தார். தட்டை இரண்டு கையாலும் எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"கவினுக்குக் கல்யாணமுங்க. தாய்மாமன் குடும்பத்தோட வந்து முன்னால நின்னு நடத்திக் குடுக்கோணும்."

என் கை நீளவில்லை. அவ்வளவு நேரம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. "செந்திலண்ணன் செய்யறதா ஊருக்குள்ள..." என்று ஆரம்பித்தேன்.

"ஊருக்குள்ள ஆயிரம் பேசுவாங்க. நான் சொன்னனுங்களா?"

தட்டை வாங்கிக்கொண்டேன். தட்டு சரிந்து வெற்றிலை ஒன்று கீழே விழுந்தது, தாரணி எடுத்து வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் முன்னால் நான் அழுததில்லை. நித்யா பக்கத்தில் வந்து தட்டின் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுக்காகவாங்க்கா இத்தனை தூரம் வந்தீங்க?"

அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"மத்த எல்லாருக்கும் போன்லயே சொல்லிக்கலாம்னு பையன் சொன்னான், நானுஞ் சரின்னுட்டேன். நேர்ல வெக்கறது இது ஒண்ணேதானுங்க தம்பி."